தொரப்பள்ளி முதல் வேதாரணியம் வரை

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கருநாடக எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடப்பது ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியாகும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயர்ந்த மேட்டுநிலம் அது. கோடையிலும் அங்குக் காற்றில் ஒரு குளிர்ச்சி தங்கியிருக்கும். கேழ்வரகும் கொள்ளும் விளையும் செம்மண் வயல்கள் ஒருபுறம்; மூங்கிலும் முட்புதரும் செறிந்த காடுகள் மற்றொரு புறம். சந்தை கூடும் நாளில் அங்கு நின்று செவிமடுப்போர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கக் கேட்பர். இன்று இப்பகுதி கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓசூரைச் சூழ ஆலைகள் பல எழுந்துள்ளன; பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் சரக்குந்துகள் ஓடுகின்றன. ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் இந்நிலம் பழைய சேலம் மாவட்டத்தின் ஓர் ஓரமாகவே இருந்தது. ஆலைகள் இல்லை, மாட்டு வண்டிகளே சாலையில் சென்றன.

அவ்வண்டிகள் சுமந்து வந்த பண்டங்களுள் ஒன்று உப்பு. இம்மேட்டுநிலத்து மண் எதனை விளைத்தாலும் உப்பை விளைக்காது. கடற்கரையோ நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் உப்பின்றி ஒரு குடிசையிலும் உலை ஏறுவதில்லை. கேழ்வரகுக் களி கிண்டும் பானைக்கும், அதற்குத் துணையாகும் கீரைக்குழம்பிற்கும், தொழுவத்தில் நிற்கும் மாட்டிற்கும் அது வேண்டும். நிழலில் அமர்ந்து உண்பவரினும் வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவர்க்கே உப்பு மிகுதியாகத் தேவைப்படும். இத்தகைய பொருளின்மீது ஆங்கில அரசாங்கம் வரி விதித்திருந்தது. 1930-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 82 இராத்தல் கொண்ட ஒரு மணங்கு உப்பிற்கு வரி ஒரு ரூபாய் நான்கு அணா. வரியோடு நிற்கவில்லை. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உப்பைக் காய்ச்சுவதும் விற்பதும் அரசாங்கத்தின் தனியுரிமையாயின. கடலோரச் சதுப்பில் தானாகவே படிந்து கிடக்கும் உப்பை ஓர் ஏழை ஒரு பிடி அள்ளினாலும் அது குற்றமாகக் கருதப்பட்டது. பிரெஞ்சு நாட்டிலும் முடியரசர் காலத்தில் இத்தகைய உப்பு வரி ஒன்று இருந்தது. அது மக்கள் உள்ளத்தில் மூட்டிய வெறுப்பு, பின்னர் எழுந்த பெரும் புரட்சிக்குரிய காரணங்களுள் ஒன்று என்பர் வரலாற்று ஆசிரியர்.

கடலையே காணாத இம்மேட்டுநிலத்தில் பிறந்த ஒருவர், பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நின்று அவ்வுப்புச் சட்டத்தை மீறினார். அவரே இராஜாஜி என்று நாடு போற்றிய இராஜகோபாலாச்சாரியார்.

ஓசூருக்கு அணித்தே உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. அவ்வூர்க் கிராம முனிசீப்பாக இருந்த சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்காருக்கும் சிங்காரம்மாளுக்கும் மூன்றாம் மகனாக, 1878-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அவர் பிறந்தார். தந்தையார் வகித்தது சிறு பதவிதான். எனினும் வரி தண்டுதல், வழக்குத் தீர்த்தல், மேலதிகாரிகளுக்கு மறுமொழி எழுதுதல் ஆகியவற்றால் அரசாங்கம் என்பது ஊர்மக்களிடத்தில் எவ்வுருவில் வந்து நிற்கிறது என்பதை அச்சிறுவர் இளமையிலேயே காண நேர்ந்தது. தொடக்கக் கல்வியை ஊரிலும், பின்னர் ஓசூரிலும், கல்லூரிக் கல்வியைப் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் கற்றார். சென்னையில் சட்டம் பயின்று, 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். தொழிலில் விரைவில் பெயரும் பொருளும் சேர்ந்தன. சேலம் நகராட்சியின் உறுப்பினராகவும், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகவும் பணியாற்றினார். அறிவியற் செய்திகளைத் தமிழில் சொல்லவேண்டும் என்னும் எண்ணத்தால் நண்பர் சிலருடன் கூடிக் கலைச்சொல் ஆக்கும் சங்கம் ஒன்றையும் 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் நிறுவினார். இவ்வாறே நாட்கள் சென்றிருப்பின் அவர் ஒரு சிறந்த வழக்கறிஞராக வாழ்ந்து முடிந்திருப்பார்.

1919-ஆம் ஆண்டு அப்போக்கை மாற்றியது. முதல் உலகப் பெரும்போரில் இந்தியர் ஆங்கிலேயருக்குப் பெருந்துணை புரிந்தனர். அதற்குக் கைம்மாறாக உரிமை வரும் என எதிர்நோக்கியிருந்தோர்க்கு வந்தது ரௌலட் சட்டம். வழக்கு இன்றியும், வழக்கறிஞர் துணை இன்றியும், ஐயத்திற்குரியவர் என்று அரசாங்கம் கருதும் எவரையும் சிறையில் அடைத்து வைக்க அச்சட்டம் இடம் தந்தது. சட்டம் கற்றவராகிய இராஜாஜிக்கு இதன் பொருள் நன்கு விளங்கியது. நீதிமன்றம் இருந்தும் நீதி கேட்க வழியில்லையெனில், வழக்கறிஞர் கற்ற கல்வியால் யாருக்கு என்ன பயன்? அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து, இராஜாஜி அப்போது குடியேறியிருந்த இல்லத்தில் தங்கினார். நாடு முழுவதும் ஒரு நாள் கடையடைத்து, தொழில் நிறுத்தி, நோன்பிருந்து, இச்சட்டத்திற்கு எதிர்ப்புக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் காந்தியடிகளுக்கு அவ்வில்லத்தில் தங்கிய ஓர் இரவில், துயிலுக்கும் விழிப்பிற்கும் இடையே தோன்றிற்று. விடிந்ததும் அதனை அவர் முதலிற் கூறியது இராஜாஜியிடமே. ஏப்பிரல் 6-ஆம் நாள் அவ்வெதிர்ப்பு நாடெங்கும் நிகழ்ந்தது.

அடுத்த ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் இராஜாஜி தம் வழக்கறிஞர்த் தொழிலைத் துறந்தார். மனைவியார் மங்கம்மாள் சில ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். ஐந்து மக்களை வளர்க்கும் பொறுப்பு அவர் தோள்மீது இருந்தது. அந்நிலையில் வருவாயை உதறுதல் எளிய செயலன்று. 1921-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கத்தின் தடையாணையை மீறியதற்காக மூன்று திங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கு அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்து, கதர் நூற்றல், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றில் ஈடுபட்டார். மழை பொய்த்த அவ்வறண்ட பகுதியில் இராட்டினம் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது.

1930-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டார். ஏப்பிரல் 6-ஆம் நாள் ஒரு பிடி உப்பை எடுத்துச் சட்டத்தை மீறினார். தமிழ்நாட்டில் அவ்வறப்போரை நடத்தும் பொறுப்பு இராஜாஜியை வந்தடைந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை மாவட்டத்தின் ஊடே நடந்து, வேதாரணியக் கடற்கரையை அடைவது என்று முடிவாயிற்று. வேதாரணியத்தில் உப்புச் சதுப்புகள் மிகுதி. அவ்வூரில் உப்பு வாணிகம் செய்து வந்த வேதரத்தினம் பிள்ளை, தம் தொழிலுக்கும் உடைமைக்கும் வரக்கூடிய கேட்டை எண்ணாது, தொண்டர்களை வரவேற்க முன்வந்தார். பயணத்திற்கு வேண்டிய ஏற்பாடுகளைத் திருச்சிராப்பள்ளி மருத்துவர் தி. சே. சௌ. இராசன் கவனித்துக்கொண்டார்.

பல மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏப்பிரல் 13-ஆம் நாள் விடியற்காலையில் இராசன் இல்லத்திலிருந்து அவர்கள் புறப்பட்டனர். அது தமிழ்ப் புத்தாண்டு நாள். பதினோராண்டுகளுக்கு முன் பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்த நாளும் அதுவே. அப்போது இராஜாஜிக்கு அகவை ஐம்பத்தொன்று, மெலிந்த உடல். முன்னே அவர் கோலூன்றி நடக்க, பின்னே தொண்டர்கள் வரிசையாக நடந்தனர். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இப்பயணத்திற்கென்றே இயற்றிய வழிநடைப் பாடலை அவர்கள் பாடிச் சென்றனர்.

வேதாரணியம் 150 மைல் தொலைவு. நாளொன்றுக்குப் பத்து மைல் வீதம் காலையும் மாலையும் நடந்தனர். நடை முடிந்த இடத்தில் ஓய்வு என்பது பெயரளவிற்கே. தங்கிய ஊர்களின் தெருக்களைப் பெருக்கினர். ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் சேரிகளுக்குச் சென்று அளவளாவினர். கதரும் மதுவிலக்கும் பற்றிப் பேசினர். உண்பதிலும் உறங்குவதிலும் கட்டுப்பாடு இருந்தது. சட்டத்தை மீறச் செல்லும் கூட்டம் இத்துணை ஒழுங்குடன் நடப்பது சிலர்க்கு முரணாகத் தோன்றலாம். இராஜாஜி கருதியது வேறு. ஒரு சட்டம் தீயது என்று காட்ட அதனை மீறுபவர், மற்றெல்லாச் சட்டங்களையும் பிறரினும் மிகுதியாகப் போற்றுபவராக இருத்தல் வேண்டும். இல்லையெனில் அவர் கள்வர், கலகக்காரர் என்று அரசாங்கம் எளிதில் முத்திரை குத்திவிடும். அறப்போரில் மறைவு என்பதும் கிடையாது. புறப்படும் நாள், செல்லும் வழி, சேரும் இடம், செய்யப்போகும் குற்றம் ஆகிய யாவும் முன்கூட்டியே அரசாங்கத்திற்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன.

தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் அப்போது தார்ன் என்னும் ஆங்கிலேயர். அவர் திறமை மிக்க அதிகாரி. தொண்டர்களை வழியிலேயே சிறைப்பிடித்தால் அவர்கள்பால் மக்களுக்கு இரக்கம் பெருகும் என்பதை அறிந்தவர். ஆகவே அவர் வேறொரு வழியை நாடினார். தொண்டர்களுக்கு உணவு அளிப்போரும் தங்க இடம் தருவோரும் ஆறு திங்கள் சிறைத் தண்டனைக்கும் அபராதத்திற்கும் உள்ளாவர் என்று அறிவித்தார். அவ்வறிவிப்பு செய்தித்தாள்களில் வெளியாயிற்று, தமிழில் துண்டுத்தாள்களாக அச்சிடப்பட்டு ஊர்தோறும் வழங்கப்பட்டது, பறையறைந்தும் சாற்றப்பட்டது. பசியால் வாடினால் படை தானே கலையும் என்பது அவர் கணக்கு. ஓர் அரசாங்கம் தன் குடிகளிடத்தில் வழிநடைப் பயணிக்குச் சோறிடாதே என்று ஆணையிட நேர்ந்ததே, அதன் வேர் எத்துணை ஆட்டங்கண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. காவிரி பாயும் அந்நாட்டில் விருந்தோம்பல் வழிவழி வந்த அறம். ஊர்தோறும் சத்திரங்களை எழுப்பிய மண் அது. அவ்வறத்தின்மீதே ஆணை கைவைத்தது. மேலும், செய்தித்தாள் படிக்காத சிற்றூர் மக்களுக்கும் தொண்டர் படை வரும் செய்தியைப் பறையறைந்து அறிவித்த பெருமையும் கலெக்டரையே சேர்ந்தது!

அஞ்சியவர் இல்லாமல் இல்லை. அஞ்சியவர்மீது இராஜாஜி சினம் கொள்ளவும் இல்லை. நிலமும் குடும்பமும் உடையவர் ஆறு திங்கள் சிறை என்று கேட்டால் தயங்குவது இயல்பே. ஆனால் மக்கள் நாளடைவில் வழி கண்டுகொண்டனர். தொண்டர்கள் நடந்து செல்லும் சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யார் என்று போலீஸார் கேட்டால் விடை கூற மரத்திற்கு வாயில்லை. ஆற்றங்கரையில் ஓய்வெடுத்த இடத்தில், மணலுள் புதைத்து வைத்த உணவுக் கலங்கள் அடையாளத்தால் அறியப்பட்டன. மறைவின்றி முன்வந்தோரும் இருந்தனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களைத் தம் இல்லத்திலேயே வைத்து விருந்திட்டார். அதன்பொருட்டுச் சிறை சென்றார். திருத்துறைப்பூண்டியில் உணவளித்த இராமச்சந்திர நாயுடுவும் சிறைப்பட்டார். வேறிடங்களில் உதவிய எளியவர் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்களுட் பலர் காங்கிரஸ் உறுப்பினரும் அல்லர்; கூட்டங்களுக்குச் சென்றவரும் அல்லர். ஓர் இலையில் நான்கு பேருக்குச் சோறு கட்டி ஒரு கிளையில் தொங்கவிட்ட அளவே அவர்கள் செய்தது. கலெக்டரின் ஆணை அவ்விலைச் சோற்றின்முன் பயனற்றுப் போயிற்று. அம்மாவட்டத்து மக்களுக்கு அரசாங்கத்தின்பால் உண்மையான பற்று என்றேனும் இருந்திருப்பின், அஃது இப்போது மறைந்துவிட்டது என்னும் கருத்துப்பட அவர் தம் மேலிடத்திற்கு அறிக்கை எழுதினார். மாற்றாரின் வாயினின்றே வந்த சான்று இது.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்த படை ஏப்பிரல் 28-ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்பிரல் 30-ஆம் நாள் காலையில், அடுத்துள்ள அகத்தியம்பள்ளிச் சதுப்பில் இராஜாஜி தொண்டர் சிலருடன் உப்பை அள்ளினார். போலீஸார் அவரைச் சிறைப்படுத்தினர். அன்றே நீதிபதியின்முன் நிறுத்தப்பட்டு ஆறு திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றார். திறமை மிக்க வழக்கறிஞராயினும் அவர் தமக்காக வழக்காடவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு, தண்டனையை ஏற்றுக்கொண்டு, திருச்சிராப்பள்ளிச் சிறைக்குச் சென்றார்.

தலைவர் சிறை சென்றபின் போர் நின்றுவிடவில்லை. நாள்தோறும் தொண்டர்கள் சதுப்பிற்குச் சென்று உப்பை அள்ளினர். போலீஸார் தடியால் அடித்தனர்; மூடிய கைகளை வலிந்து விரித்து உப்பைப் பறித்தனர். பெண்களும் முன்வந்தனர். சென்னையைச் சேர்ந்த ருக்மிணி இலட்சுமிபதி அம்மையார் வேதாரணியத்தில் சிறைப்பட்டு ஓராண்டுத் தண்டனை பெற்றார். வேதரத்தினம் பிள்ளை சிறைப்பட்டார்; அவர்தம் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டன. உள்ளூர் மக்களோ அதிகாரிகளுக்கும் போலீஸாருக்கும் பணிபுரிய மறுத்தனர். முடிதிருத்துவோரும் துணி வெளுப்போரும் அவர்களைப் புறக்கணித்தனர்.

அவர்களுள் வைரப்பன் என்பவரின் செயலை வேதாரணிய மக்கள் இன்றும் நினைவில் வைத்துள்ளனர். அவர் முடிதிருத்தும் தொழிலாளி. ஒரு நாள் தம்மிடம் முகமழிக்க அமர்ந்தவர் சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர் என்பதைப் பாதி வேலையில் அறிந்தார். அறிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாதி மழித்த முகத்துடன் அப்போலீஸ்காரர் அவரை நீதிபதியின்முன் கொண்டு நிறுத்தினார். எஞ்சிய பாதியை மழித்து முடித்தால் விட்டுவிடலாம் என்று நீதிபதி வழி காட்டினார். வைரப்பன் இசையவில்லை, தம் கருவிப் பெட்டியை நீதிபதியின்முன் வைத்து, வேண்டுமானால் அவரே மழித்துக்கொள்ளலாம் என்னும் கருத்துப்படக் கூறினார் என்பர். அவருக்கு ஆறு திங்கள் சிறை கிடைத்தது. இராஜாஜி பெற்றதும் அதே ஆறு திங்களே. சட்டம் கற்ற தலைவரையும் கத்தி பிடித்த தொழிலாளியையும் அரசாங்கம் ஒரே நிறுவையால் நிறுத்துவிட்டது. வைரப்பனுக்கு வேதாரணியத்தில் நினைவுத்தூண் உண்டு.

இத்துணைத் துன்பத்தின் பயன் யாது? உப்புவரி உடனே ஒழியவில்லை என்பதை மறைக்காது கூறவேண்டும். 1931-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகளும் அரசப் பிரதிநிதி இர்வினும் செய்துகொண்ட உடன்பாட்டால், உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. வரி முற்றிலும் நீங்கியது 1947-ஆம் ஆண்டில்தான். ஆனால் சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டிய கை பின்னர் அரசாங்கத்தின் ஆணைக்கு முன்போல் நடுங்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாக்குரிமை வேண்டி 1965-ஆம் ஆண்டில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி வரை 54 மைல் நடந்தபோது, அவர்களை நடத்திச் சென்ற மார்ட்டின் லூதர் கிங், இந்திய அறப்போர் முறையைக் கற்று, அதன்பொருட்டு 1959-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கும் வந்து சென்றவர் ஆவார்.

அரசாங்கத்தை எதிர்த்தவர் தாமே அரசாங்கமாகும் நாள் வந்தது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வென்று, சூலைத் திங்களில் இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். கடன்பட்ட உழவர்க்கு உதவும் சட்டம் இயற்றினார். ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுள் செல்ல 1939-ஆம் ஆண்டில் சட்டத்தால் அரண் செய்தார். இவை அவர் புகழுக்கு உரியன.

அவர் புகழை மட்டுமே எழுதுவது வரலாறு ஆகாது. 1938-ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளிகள் 125-இல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழறிஞரும், பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையில் தன்மதிப்பு இயக்கத்தாரும் அதனை எதிர்த்து எழுந்தனர். பள்ளிகளின் முன்னும் முதலமைச்சர் இல்லத்தின் முன்னும் மறியல் செய்தனர். அவ்வாண்டு ஆகசுட்டு முதல் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூரிலிருந்து நூறு பேர் கொண்ட தமிழர் படை சென்னையை நோக்கி நடக்கத் தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் அப்படையில் நடந்தனர். ஊர்தோறும் மக்களைச் சந்தித்து, செப்டம்பர் 11-ஆம் நாள் அவர்கள் சென்னையை அடைந்தனர். எட்டாண்டுகளுக்கு முன் அதே நகரிலிருந்து நூறு பேருடன் நடந்து சென்றவரே இப்போது முதலமைச்சர் இருக்கையில் இருந்தார். அவர் செய்தது என்ன? காங்கிரஸ் மறியலை ஒடுக்க ஆங்கிலேயர் 1932-ஆம் ஆண்டில் இயற்றிய குற்றச் சட்டத் திருத்தத்தை மறியலாளர்மீது ஏவினார். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். கைக்குழந்தையுடன் சென்ற தாய்மாரும் உண்டு. பெரியாரும் தண்டனை பெற்றார். சிறைப்பட்டிருந்த நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவர் 1939-ஆம் ஆண்டின் தொடக்கத் திங்கள்களில் ஒருவர்பின் ஒருவராக உயிர் நீத்தனர்.

மக்கள் வாக்களித்து அமைத்த ஆட்சியின் சட்டத்தை எதிர்ப்பது வேறு, அயலவர் சுமத்திய சட்டத்தை எதிர்ப்பது வேறு என்று அவர் சார்பில் கூறுவோர் உண்டு. அவ்வேறுபாடு மெய்யே. எனினும், மறியலாளர் கையில் படைக்கலம் இல்லை. அவர்களும் முன்னறிவித்தே வந்தனர். தண்டனையை மறுக்காது ஏற்றனர். அகத்தியம்பள்ளிச் சதுப்பில் நின்றவர்க்கு இவர்கள் யார் என்பது விளங்காமலிருக்க வழியில்லை. அவருடைய நெடிய பொதுவாழ்வில் மிகவும் இடறிய இடம் இதுவே என்று கூறலாம். 1939-ஆம் ஆண்டு அக்டோபரில், இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. அடுத்த ஆண்டு பிப்பிரவரி 21-ஆம் நாள் கவர்னர் எர்ஸ்கின் கட்டாய இந்தியை நீக்கினார். இருபதாண்டுகள் கழிவதற்குள், இந்தி ஒன்றே நாட்டின் ஆட்சிமொழியாதல் தகாது என்று உரத்துக் கூறியவர்களுள் இராஜாஜியும் ஒருவரானார்.

1940-ஆம் ஆண்டின் இறுதியில் தனிநபர் அறப்போரில் அவர் மீண்டும் சிறை புகுந்தார். 1942-ஆம் ஆண்டில் காங்கிரஸ் வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானத்தை மேற்கொண்டபோது, அது காலத்திற்கு ஒவ்வாது என்று கூறித் தம் தோழரினின்றும் விலகி நின்றார். கூட்டங்களில் அவருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. கோழை என்றும் துரோகி என்றும் பழித்தனர். அதனையும் அவர் பொறுத்துக்கொண்டார். பெருங்கூட்டத்தின் எதிரே தனித்து நிற்பது, பேரரசின் எதிரே கூட்டத்தோடு நிற்பதினும் கடினம் என்பதை அவ்வாண்டுகள் அவருக்குக் காட்டியிருக்கும்.

விடுதலைக்குப்பின் அவர் மேற்கு வங்காள ஆளுநராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. 1952 முதல் 1954 வரை சென்னையின் முதலமைச்சராக மீண்டும் இருந்தார். பின்னர், தாம் வளர்த்த காங்கிரஸ் ஆட்சியே தொழிலுக்கும் உழவிற்கும் உரிமமும் இசைவுச் சீட்டும் கேட்டு மக்களின் உரிமையைக் குறுக்குகிறது என்று கருதி, 1959-ஆம் ஆண்டில், எண்பது வயது கடந்தபின், சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தவேண்டும் என்று வற்புறுத்த, 1962-ஆம் ஆண்டில் வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார்.

1972-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் அகவையில், இராஜாஜி சென்னையில் மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த ஓட்டு வீட்டை அரசு நினைவு இல்லமாகக் காத்து வருகிறது. ஓசூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டைச் சிற்றூர்களிலிருந்தும் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் அங்குச் சென்று காண்கின்றனர்.